ஒரு புள்ளி தள்ளிப் போனால்...

(நமது அறக்கட்டளையின் மாலை நேரக் கணித வகுப்பில் பயிலும் மாணவ, மாணவியரின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி இந்த இடத்தில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். அதை மறுபடியும் பேசி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இன்று கணிதத்தில் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச வந்திருக்கிறோம். அதன் பெயர் அறிவியல் குறியீடு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் வரும் பாடம். ‘பெற்றோர் கூட்டத்தில் கணக்குப் பாடமா?’ என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தச் சின்னப் பாடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் சறுக்கி விழுகிறார்கள். விழுந்தவர்களில் பலர் அதற்குப் பிறகு கணிதத்தின் பக்கமே திரும்புவதில்லை.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகூட, பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது ‘கணக்கு, இயற்பியல் இருக்கிற குரூப் வேண்டாம்’ என்கிறது. ஏன் என்று உட்கார வைத்துக் கேட்டால், ‘அந்தப் புத்தகத்தில் பத்துக்கு மேலே சின்னச் சின்ன எண்ணாகப் போட்டிருக்கிறது, ஒன்றுமே புரியவில்லை’ என்று பதில் வருகிறது. இயற்பியலும் வேதியியலும் அந்தச் சின்ன எண்ணில்தான் ஓடுகின்றன. ஆகவே, பிள்ளை எந்தப் படிப்புக்குப் போகும் என்ற முடிவில் ஒரு பெரும் பகுதி, யாருக்கும் தெரியாமல், எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு நாம் கொடுக்கும் உதவித்தொகையால் இதை மாற்ற முடியாது. அதற்காகத்தான் இந்த மாலை வகுப்பு.

முதலில் அது என்ன பாடம் என்று சொல்லிவிடுகிறோம். மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் பூஜ்யங்களை வரிசையாக அடுக்காமல் எழுதுகிற முறை. ஒன்றுக்குக் குறையாத, பத்தைத் தொடாத ஓர் எண். அதைப் பத்தின் ஓர் அடுக்கால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். 45,000 என்பதை 4.5 × 10⁴ என்று எழுதுவோம். 0.00045 என்பதை 4.5 × 10⁻⁴ என்று எழுதுவோம். பத்தின் தலைமேல் இருக்கும் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான் அடுக்கு என்று பெயர்.

இதில் பிள்ளை எங்கே தடுமாறுகிறது? எங்கள் வகுப்பில் பாடம் நடத்தும் தம்பிகளும் தங்கைகளும் விடைத்தாள்களில் பார்த்ததைச் சொல்கிறோம். 10³ என்றால் பத்தை மூன்றால் பெருக்கி முப்பது என்று எழுதுகிறது. 10⁻³ என்பதைப் பார்த்து, கழித்தல் குறி இருப்பதால் ‘கடன்’ என்று நினைத்து –1000 என்று எழுதுகிறது. 45,000-இல் மூன்று பூஜ்யம்தானே இருக்கிறது என்று 4.5 × 10³ என்று எழுதுகிறது. 9 × 10⁴ பெரிதா, 2 × 10⁶ பெரிதா என்று கேட்டால், ஒன்பதைப் பார்த்தவுடன் அதுதான் பெரிது என்கிறது. இத்தனைக்கும் காரணம் ஒன்றே. ‘புள்ளியை இடப்பக்கம் தள்ளு, வலப்பக்கம் தள்ளு’ என்று விதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. அந்த எண் எவ்வளவு பெரியது என்ற உணர்வு அதற்கு வரவில்லை.

மதரஸாவில் ஓதிய நமக்கு இது புரியக்கூடிய விஷயம்தான். அரபு எழுத்தில் ஒரே வடிவத்தின் கீழே ஒரு நுக்தா வைத்தால் ‘பா’. மேலே இரண்டு வைத்தால் ‘தா’. மேலே மூன்று வைத்தால் ‘ஸா’. நுக்தா எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பார்க்காமல் ஓதினால் வார்த்தையே மாறிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உஸ்தாத் இதை எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்! அந்தக் கவனத்தைப் பழகிய பிள்ளைக்கு, எண்ணில் இருக்கும் ஒரு புள்ளியைக் கவனிக்கத் தெரியாமல் போகாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

புள்ளி தள்ளிப் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நம் வீட்டிலேயே பாருங்கள்.

ஜகாத் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டரை சதவீதம். எண்ணில் எழுதினால் 0.025. ஒருவரிடம் ஜகாத் கடமையான தொகை நான்கு லட்சம் ரூபாய் இருந்தால், அவர் கொடுக்க வேண்டியது பத்தாயிரம். அவசரத்தில் 0.0025 என்று போட்டுவிட்டால் ஆயிரம்தான் வரும். மீதி ஒன்பதாயிரம் ஏழையின் உரிமை. கொடுத்தவருக்கு மனத்தில் குறை இல்லை, புள்ளிதான் ஓர் இடம் தள்ளிப் போயிருக்கிறது. ஆனாலும் அந்த ஏழையின் வீட்டுக்கு அந்த ஒன்பதாயிரம் போய்ச் சேரவில்லை அல்லவா?

இதையே அறிவியல் குறியீட்டில் எழுதிப் பார்ப்போம். நான்கு லட்சம் என்பது 4 × 10⁵. இரண்டரை சதவீதம் என்பது 2.5 × 10⁻². முதல் எண்களைப் பெருக்கினால் பத்து. அடுக்குகளைக் கூட்டினால் ஐந்தும் குறை இரண்டும் சேர்ந்து மூன்று. ஆக 10 × 10³, அதாவது பத்தாயிரம். முறைப்படி எழுதினால் 1 × 10⁴. பூஜ்யத்தை எண்ண வேண்டிய வேலையே இல்லை.

அடுத்தது மாத்திரை. நம் தாய்மார்கள் பலர் தைராய்டுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். டப்பாவில் 50 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிராம், 10⁻³. பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம், 10⁻⁶. ஆகவே 50 மைக்ரோகிராம் என்றால் 0.05 மில்லிகிராம். அதை யாராவது 0.5 மில்லிகிராம் என்று எழுதினால் பத்து மடங்கு மருந்து. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதைச் சரியாகப் படிக்கக் கற்றிருந்தால், உம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய துணை!

இன்னொன்று, டெங்கு காய்ச்சல் பரவும் மாதங்களில் எல்லா வீட்டிலும் பேசப்படும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஒரு பரிசோதனைக் கூடத்தில் 1,50,000 என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இன்னொன்றில் 1.5 லட்சம். மற்றொன்றில் 150 × 10³. மூன்றும் ஒரே எண்தான். முறைப்படி எழுதினால் 1.5 × 10⁵. இது தெரியாதவர்கள், ‘நேற்று ஒன்றரை லட்சம் இருந்தது, இன்றைக்கு வெறும் நூற்றைம்பதுதான் இருக்கிறதாமே’ என்று பதறிப் போகிறார்கள். என்ன சிகிச்சை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவாவது நம் வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டாமா?

சரி, இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எங்கள் வகுப்பில் செய்வதை விவரமாகச் சொல்கிறோம். ஏனென்றால் இதில் பாதி வேலை வீட்டில் நடக்க வேண்டியது. படிக்காத தாய்மார்களாலும் செய்யக்கூடியது.

முதல் நாள் சாக்பீஸைத் தொடுவதே இல்லை. அரிசியில் தொடங்குகிறோம். பிள்ளைகள் ஆயிரம் அரிசியை எண்ணித் தராசில் வைக்கிறார்கள். ரகத்துக்கு ரகம் மாறும். சீரகச் சம்பா என்றால் எடை குறையும். சாதாரணச் சாப்பாட்டு அரிசி என்றால் ஏறக்குறைய 20 கிராம் வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதுதான் 10³. இப்போது பத்து லட்சம் அரிசி, அதாவது 10⁶, எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறோம். இந்த அறை நிறைய என்கிறது ஒரு பிள்ளை, ஒரு லாரி நிறைய என்கிறது இன்னொன்று. கணக்குப் போட்டால் 20 கிலோதான். கடையில் வாங்கும் 25 கிலோச் சிப்பம் ஒன்றில் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் அரிசி இருக்கிறது. அப்படியானால் 10⁹, அதாவது நூறு கோடி அரிசி? அது 20 டன். எண்ணூறு சிப்பம். இங்கேதான் லாரி வருகிறது.

உள்ளங்கை, சிப்பம், லாரி. அடுக்கு மூன்று, ஆறு, ஒன்பது. தாளில் எழுதும்போது 3-க்கும் 6-க்கும் 9-க்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அரிசியாகப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. இதற்குப் பிறகு 9 × 10⁶ பெரிதா, 2 × 10⁹ பெரிதா என்று கேட்டால், ‘அது ஒன்பது மூட்டை, இது ரெண்டு லாரி’ என்று பட்டென்று சொல்லிவிடுகிறது. அடுக்கை முதலில் பார்க்க வேண்டும், முன்னால் இருக்கும் எண்ணை அப்புறம் பார்க்கலாம் என்று நாம் தனியாக விதி சொல்ல வேண்டியதில்லை.

நம் மஹல்லாவில் பீடி சுற்றும் தாய்மார்கள் இருக்கிறீர்கள். ஒரு பீடிக்கு இவ்வளவு பைசா என்றா கூலி பேசுகிறீர்கள்? ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறீர்கள். எண்ண முடியாத அளவு வந்துவிட்டால், ஆயிரத்தையே ஒன்றாக வைத்து எண்ணத் தொடங்குகிறோம். இந்தக் கணிதப் பாடத்தின் வேரும் அதுதான். பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். ‘உம்மாவுக்குத் தெரிந்த கணக்குதான் புத்தகத்தில் வந்திருக்கிறது’ என்று தெரிந்தால் அதன் பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது நாள் படிக்கட்டு. பலகையில் 1000, 100, 10 என்று கீழே இறங்கி எழுதுகிறோம். ஒவ்வொரு படிக்கும் பத்தால் வகுக்கிறோம். பக்கத்தில் அடுக்கு 3, 2, 1. அடுத்த படி என்ன? பத்தைப் பத்தால் வகுத்தால் ஒன்று. அடுக்கு பூஜ்யம். ஆக 10⁰ என்பது 1. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். இன்னும் ஒரு படி இறங்கினால் பத்தில் ஒன்று, அடுக்கு குறை ஒன்று. அடுத்தது நூறில் ஒன்று, குறை இரண்டு. குறை அடுக்கு என்றால் கடன் இல்லை, ஒன்றுக்குக் கீழே எத்தனை படி இறங்கியிருக்கிறோம் என்ற கணக்கு என்பது இதில் தெளிவாகிவிடுகிறது.

இந்தப் படிக்கட்டைப் பற்றி ஒரு செய்தி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் பிறந்த அஸ்ஸமவ்அல் என்ற கணித அறிஞர் ‘அல்-பாஹிர்’ என்ற இயற்கணித நூலை எழுதினார். அப்போது அவருக்கு வயது 19 என்று சொல்லப்படுகிறது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர். அந்த நூலில் ஒன்று என்ற எண்ணை நடுவில் வைத்து, ஒரு பக்கம் ஏறும் அடுக்குகளையும் மறுபக்கம் இறங்கும் அடுக்குகளையும் கட்டம் கட்டமாக எழுதி, கட்டங்களை எண்ணியே பெருக்கவும் வகுக்கவும் வழி காட்டினார். அவருக்கு முன்பே அல்-கரஜீ அடுக்குகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி எழுதிய நூல் லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பூஜ்யத்துக்கு அரபியில் ‘ஸிஃப்ர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் இன்று சொல்லும் ‘ஸீரோ’ அதிலிருந்து பிறந்த சொல்தான். இந்த மண்ணில் தோன்றிய எண்முறை, பக்தாத் வழியாக உலகம் சுற்றி, நம் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கு வந்திருக்கிறது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முன்னோரின் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. அவர் பத்தொன்பது வயதில் எழுதியதை நம் பிள்ளை பதின்மூன்று வயதில் புரிந்துகொள்ள வைப்பதுதான் கடினம். கைதட்டலை அதற்கு வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது நாள்தான் புள்ளியைத் தள்ளுவது. அதையும் விதியாகச் சொல்வதில்லை, சில்லறை மாற்றுவதாகச் சொல்கிறோம். கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து ஐந்து நூறு ரூபாய் வாங்குகிறோம். நோட்டின் மதிப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, எண்ணிக்கை ஐந்து மடங்காகக் கூடியது. கையில் இருக்கும் பணம் மாறவில்லை. அதேபோல 45,000 என்பதில் முன்னால் இருக்கும் எண்ணைப் பத்தாயிரம் மடங்கு சிறிதாக்கி 4.5 ஆக்கிவிட்டால், பின்னால் பத்தாயிரத்தால் பெருக்கி ஈடுகட்ட வேண்டும். பத்தாயிரம் என்றால் 10⁴. ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் நிறைக்க வேண்டும். தராசு போல. இதைப் பிடித்துக்கொண்டால் இடமா வலமா என்ற குழப்பம் வராது.

கூட்டலிலும் இதே முறைதான். 3 × 10⁵-உம் 2 × 10³-உம் கூட்டினால் என்ன என்று கேட்டால், 5 × 10⁸ என்று எழுதிய பிள்ளை உண்டு. ‘மூன்று லட்சமும் இரண்டாயிரமும் சேர்ந்தால் எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். அதே பிள்ளை மூன்று லட்சத்து இரண்டாயிரம் என்று சரியாகச் சொல்லும். அறிவு உள்ளே இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலை. விடை 3.02 × 10⁵.

நான்காவது, கணக்குப் போடுவதற்கு முன்னால் ஊகம். ‘விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்? உள்ளங்கையா, மூட்டையா, லாரியா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுக்கச் சொல்கிறோம். கைப்பேசிக் கால்குலேட்டரை நாங்கள் தடுப்பதில்லை, ஊகம் சொன்ன பிறகு தாராளமாகப் பார்க்கலாம். பெரிய எண் வந்தால் அதில் நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு விடை தெரியும். பல பிள்ளைகள் அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது பிழை இல்லை. ‘பத்தின் இத்தனையாவது அடுக்கு’ என்பதைக் கால்குலேட்டர் அப்படிச் சுருக்கிச் சொல்கிறது.

கடைசி நாளில் பிள்ளைகளுக்கு மூன்று பரிசுக் கணக்குகள் கொடுக்கிறோம். பரிசு என்பது விடைதான். உங்களுக்கும் சொல்கிறோம்.

ஒன்று. சூரியன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 1.5 × 10⁸ கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒளி ஒரு விநாடியில் ஏறக்குறைய 3 × 10⁵ கிலோமீட்டர் போகும். வகுத்தால் 0.5 × 10³, அதாவது 500 விநாடி. எட்டு நிமிடம் இருபது விநாடி. மஃரிபுக்கு முன்னால் அடிவானத்தைத் தொடும் சூரியனை மாடியில் நின்று பார்க்கிறோமே, அந்த ஒளி எட்டு நிமிடத்துக்கு முன்பே புறப்பட்டு வந்தது. முழு எண்களாக எழுதினால் பூஜ்யங்களை எண்ணியே களைத்துப் போவோம். இந்த முறையில் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

இரண்டு. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் பழைய கதை உங்களுக்குத் தெரியும். அறுபத்து நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகையை அல்-பிரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு எழுதியிருக்கிறார். இருபது இலக்க எண். ஏறக்குறைய 1.8 × 10¹⁹. நாம் நிறுத்த அரிசி ஒன்றின் எடை 2 × 10⁻⁵ கிலோ. பெருக்கினால் 3.6 × 10¹⁴ கிலோ. டன்னில் சொன்னால் 3.6 × 10¹¹. இன்று உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஏறக்குறைய 5 × 10⁸ டன். அப்படியானால் அந்தப் பலகையை நிரப்ப எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மூன்று. ஒளு செய்யக் கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளுகிறோம். அதில் 18 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகள் ஏறக்குறைய 6 × 10²³. சதுரங்கப் பலகை அரிசியைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் அதிகம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். படைத்தவனின் வல்லமையைப் பற்றி நாம் தனியாக ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறோம்.

வகுப்பு சனி, ஞாயிறு இரண்டு நாட்களில், அஸருக்குப் பிறகு மஃரிப் வரை நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, பெண் ஆசிரியைகள். சொல்லித் தருபவர்கள் நம் மஹல்லாவிலிருந்தே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். அவர்களுக்குச் சிறிய ஊக்கத்தொகை கொடுக்கிறோம். இதற்கு ஜகாத் நிதியைத் தொடவில்லை. ஜகாத் அதற்குரியவர்களுக்கே போகிறது. வகுப்புச் செலவு முழுவதும் பொது நன்கொடையிலிருந்து. அக்கம்பக்கத்து மாற்று மதச் சகோதரர்களின் பிள்ளைகளும் வரலாம், தடை இல்லை.

ஆனால் எட்டாம் வகுப்புக்கு வந்தவுடன் சில ஆண் பிள்ளைகள் மாலையில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கடையில் உதவிக்கு நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளில் சிலரை, ‘பெரிய பிள்ளையாகிவிட்டாள்’ என்று வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கடைக்குப் போனால் அன்றைக்குக் கொஞ்சமாவது காசு வரும், கணக்கு வகுப்புக்குப் போனால் அன்றைக்கு ஒன்றும் வராது. உண்மைதான். ஆனால் படிக்கட்டின் நடுவில் ஒரு படி உடைந்துவிட்டால் மேலே உள்ள எந்தப் படியும் பயன்படாது. அந்தப் படி உடைவது இந்த வயதில்தான். ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு மாலை நேரங்களை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தக் காசு இல்லாமல் வீடு ஓடாது என்ற நிலையில் யாராவது இருந்தால், கூச்சப்படாமல் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு பைத்துல் மாலிலிருந்து உதவ வழி இருக்கிறது. விஷயம் நான்கு சுவருக்குள் இருக்கும். பெண் பிள்ளைகளை வகுப்பு முடிந்ததும் வீடுவரை கொண்டுவந்து விட இரண்டு தாய்மார்கள் முன்வந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

இன்னும் இரண்டு சின்னக் கோரிக்கை. ‘எனக்கும் கணக்கு வராது, என் பிள்ளைக்கும் வராது’ என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். கணக்கு வம்சத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருவது. அடுத்து, வாரம் ஒரு முறை, ‘இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அது சொல்ல முயலும்போதுதான் அதற்கே பாடம் முழுதாகப் புரிகிறது. மாத்திரை டப்பா, மின் கட்டணச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், எது வந்தாலும் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஆயிரம் அரிசி எண்ணி ஒரு சின்னப் பையில் கொண்டுவர வேண்டும். நூறு நூறாகப் பத்துக் குவியல் வைத்தால் எளிது. தம்பி, தங்கைகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த அரிசியில் ஒரு மணிகூட வீணாகாது. நிறுத்துப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் பைத்துல் மால் அரிசிப் பானையில் சேர்த்துவிடுவோம். ஐம்பது பிள்ளைகள் கொண்டுவந்தால் 5 × 10⁴ அரிசி, ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு வீட்டில் ஒரு நாள் உலை கொதிக்கும்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தருவானாக. கற்றுக்கொடுப்பவர்களின் வாழ்விலும் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. கொடுக்கல் வாங்கலில், அளவில், நிறுவையில் ஒரு புள்ளியும் தவறாமல் நேர்மையாக நடக்கும் மக்களாக நம்மையும் நம் சந்ததியையும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.